செகண்ட் ஹேண்ட் வண்டியும் ஒரு ரீகாலும்

9 ஜூன் 2025, திங்கள்

என் பைக்கின் முன் மட்கார்டில் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது. இரண்டு வாரமாகக் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. வெயிலில் நிற்கிற வண்டிதானே என்று விட்டிருந்தேன். இன்று காலை துடைக்கும்போது ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு பெயிண்ட் துணியோடு உரிந்து வந்தது. தொட்டால் வழுவழுவென்று ஈரம். பெட்ரோல் வாசம் இல்லை. என்ஜின் ஆயிலின் கறுப்பும் இல்லை.

மதுரை சிம்மக்கல்லில் டீ குடிக்கும்போது அச்சகத்தில் கூட வேலை பார்க்கும் தம்பியிடம் காட்டினேன். "அண்ணே, எங்க மச்சான் வண்டியும் இதே மாடல்தான். ரீகால்னு லெட்டர் வந்து முன்பக்க பிரேக் ஹோஸை ஃப்ரீயா மாத்திக் கொடுத்தாங்களே, உங்களுக்கு வரலையா?" என்றான். ரீகால் என்றால், குறை தெரிந்த வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுப்பது. ஹோஸ் என்பது பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாய். எனக்கு எந்த லெட்டரும் வரவில்லை.

சாயங்காலம் சோழவந்தான் திரும்பியதும் நேராக மெக்கானிக் அண்ணன் கடைக்குப் போனேன். விரலில் தொட்டுப் பார்த்த உடனே சொல்லிவிட்டார். "பிரேக் ஆயில் தம்பி. இது பட்ட இடத்துல பெயிண்ட் நிக்காது." முன்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கி அமுக்கி விட்டார். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க் இறங்கும்போதெல்லாம் ஹோஸ் வளைந்து, அதைப் பிடித்திருக்கிற கிளாம்ப்பின் ஓரத்தில் உரசுகிறது. அந்த இடத்தில் ரப்பர் பளபளவென்று தேய்ந்து, கீழே ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மேலே ஆயில் டப்பாவில் அளவு குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே.

போன ஞாயிற்றுக்கிழமை இதே வண்டியில் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு வாடிப்பட்டி போய் வந்தேன். அந்த நினைப்பே தூங்கவிட மாட்டேன் என்கிறது.

10 ஜூன், செவ்வாய்

ரீகால் ஆளைப் பார்த்து வருவதில்லை, சேஸிஸ் நம்பரைப் பார்த்து வருகிறது. குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகள் எவை எவை என்று கம்பெனி கணக்கெடுத்து, அந்த நம்பர்களை வெளியிடும். அதனால் முதல் வேலையாக நம்பரைத் தேடினேன். ஆர்.சி.யில் இருக்கிறதுதான். இருந்தாலும் வண்டியில் வெட்டியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபிரேமின் கழுத்தில், வலப்பக்கம். புழுதி அப்பிக் கிடந்தது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மகள் டார்ச் பிடிக்க, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். மொத்தம் 17. நம் நாட்டு வண்டி என்பதால் எம் எழுத்தில் தொடங்குகிறது.

கம்பெனியின் இணையதளத்தில் போட்டால், தவறான நம்பர் என்று வந்தது. மூன்று முறை போட்டும் அதே பதில். அப்புறம்தான் புரிந்தது, பூஜ்ஜியத்தை ஓ என்று அடித்திருக்கிறேன். சேஸிஸ் நம்பரில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகளும் வரவே வராது. ஒன்று, பூஜ்ஜியம் என்ற இலக்கங்களோடு குழம்பக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். திருத்திப் போட்டதும் வந்துவிட்டது. என் வண்டி ரீகாலில் இருக்கிறது. முன் பிரேக் ஹோஸும் கிளாம்ப்பும் சோதித்து மாற்ற வேண்டும், கட்டணம் இல்லை.

அதோடு முடியவில்லை. சர்வீஸுக்குப் பதிவு செய்யப் போனால், ஓ.டி.பி. வேறு யாருடைய மொபைலுக்கோ போகிறது.

11 ஜூன், புதன்

அந்த வேறு யாரோ, எனக்கு வண்டியை விற்ற ஆனையூர் சார்தான். ஓய்வுபெற்ற ஆசிரியர், வண்டியைக் குழந்தை மாதிரி வைத்திருந்தவர். போன வருஷம் ஆகஸ்டில் வாங்கினேன். படிவம் 29, படிவம் 30 எல்லாம் கொடுத்து ஆர்.சி.யில் என் பெயர் ஏறிவிட்டது. ஆனால் கம்பெனியின் கணக்கில் இன்றைக்கும் அவர் பெயரும் அவர் நம்பரும்தான்.

போன் செய்தேன். "ஆமாப்பா, ஜனவரியில ஒரு மெசேஜ் வந்துச்சு. லிங்க் எல்லாம் இருந்துச்சா, ஏமாத்துறவன் எவனோ அனுப்பியிருக்கான்னு அழிச்சிட்டேன். அப்புறம் ஒரு கடுதாசியும் வந்துச்சு. வித்த வண்டிதானேன்னு எடுத்து வச்சுட்டேன். தப்பு பண்ணிட்டேன்பா." குரல் தழுதழுத்தது. "சார், நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். லிங்கைத் தொடாதே என்று ஊரே சொல்லும்போது அவர் தொடாமல் இருந்தது சரிதான். கடிதத்தை போட்டோ எடுத்து அனுப்பினார். ஜனவரியிலிருந்து ஐந்து மாதம் அது ஆனையூர் வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது. நான் அதே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு தினமும் தேனூர், சமயநல்லூர், பரவை, விளாங்குடி என்று போய் வந்திருக்கிறேன்.

14 ஜூன், சனி

அரை நாள் லீவு. மெக்கானிக் அண்ணனின் சரக்கு ஆட்டோவில் வண்டியை ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனேன். ஓட்டிக்கொண்டு போக அவரும் விடவில்லை, எனக்கும் தைரியம் இல்லை. வாடகையாக டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஷோரூம் பெயரும் கம்பெனி பெயரும் எழுதப் போவதில்லை. யாரையும் சந்தியில் நிறுத்த இதை எழுதவில்லை.

சர்வீஸ் அட்வைசர் சின்னப் பையன். "இங்க வாங்குன வண்டி இல்லையே சார்" என்றுதான் ஆரம்பித்தான். அங்கீகரிக்கப்பட்ட எந்த சர்வீஸ் சென்டரிலும் செய்யலாம் என்று கடிதத்திலேயே இருக்கிறது, காட்டினேன். நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா சார், கேம்பெயின்ல வருது" என்றான். அவர்கள் ரீகால் என்ற வார்த்தையைச் சொல்வதில்லை. ஹோஸ் ஸ்டாக் இல்லையாம், ஆர்டர் போட வேண்டுமாம்.

"அதுவரைக்கும் ஓட்டலாமா?"

"மெதுவா ஓட்டுங்க சார்."

சொட்டுகிற இடத்தைக் காட்டினேன். "சரி, ஓட்டலாம்னு ஜாப் கார்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க தம்பி" என்றேன். அவன் உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்தான். அவர் குனிந்து பார்த்தார், லிவரை ஒரு முறை பிடித்தார், முகம் மாறியது. "ஓட்ட வேண்டாம் சார், இங்கேயே இருக்கட்டும்." அதையே ஜாப் கார்டில் எழுதி வாங்கினேன்: முன் பிரேக்கில் கசிவு, ஓட்டும் நிலையில் இல்லை, உதிரிபாகத்துக்குக் காத்திருக்கிறது. தேதி, கிலோமீட்டர், கையெழுத்து எல்லாம் சேர்த்து போட்டோ எடுத்துக்கொண்டேன். என் மொபைல் நம்பரையும் அவர்கள் கணக்கில் மாற்றச் சொல்லி, மாறியதா என்று ஒரு ஓ.டி.பி. வரவழைத்துப் பார்த்த பிறகுதான் கிளம்பினேன்.

15 ஜூன், ஞாயிறு

வெளியே போகவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து படித்தேன்.

2012 ஜூலையில் வாகன உற்பத்தியாளர் சங்கம் ஒரு விதிமுறை கொண்டுவந்தது. அதன்படி கம்பெனிகள் தாங்களாக முன்வந்து குறையை அறிவிக்கலாம். கட்டாயம் இல்லை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வண்டியை ஓட்டுபவருக்கோ சாலையில் போகும் மற்றவருக்கோ ஆபத்தான குறை என்றால், திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே உத்தரவிடலாம். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். உத்தரவாக வந்தால் அபராதமும் உண்டு, 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை. ஒரு மாடலில் புகார்கள் ஓர் அளவைத் தாண்டினால் அரசு விசாரிக்கும். ஆக, புகாரைப் பதிவு செய்வதும் நம் கையில் இருக்கிற காரியம்தான்.

ரீகால் என்றால் எல்லா வண்டியும் பழுது என்று அர்த்தமில்லை என்பதும் புரிந்தது. 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு இக்னிஷன் காயில் குறைக்காக 2,36,966 வண்டிகளை அழைத்தது. (என் வண்டி அந்தக் கம்பெனியுடையது அல்ல.) அதில் 10 சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளுக்குத்தான் பாகம் மாற்ற வேண்டியிருக்கும் என்று அவர்களே சொன்னார்கள். ஆனால் அந்தப் பத்தில் ஒன்று யாருடையது என்பது வண்டியை நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். நம் ஆட்கள், "எனக்கு நல்லாத்தான ஓடுது" என்று போகாமல் இருந்துவிடுகிறார்கள். என்னுடையதும் நல்லாத்தான் ஓடியது.

25 ஜூன், புதன்

பதினோரு நாளாகிறது. பஸ்ஸில்தான் போய் வருகிறேன். காலையில் நிற்க இடமில்லை, ராத்திரி வீடு சேர ஒன்பது மணி. ஷோரூமில் கேட்டால் "நாளைக்கு வந்துரும் சார்." இன்று கம்பெனியின் டோல் ஃப்ரீயில் பேசி, புகார் எண் வாங்கி, சேஸிஸ் நம்பரும் ஜாப் கார்டு போட்டோவும் சேர்த்து மெயில் அனுப்பினேன். கோபமாக எழுதவில்லை. என்று கொடுத்தேன், என்ன சொன்னார்கள், எத்தனை நாள் ஆயிற்று, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போவேன் என்று கடைசி வரியில் சேர்த்தேன்.

3 ஜூலை, வியாழன்

பாகம் வந்துவிட்டது. சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

5 ஜூலை, சனி

வேலை நடக்கும்போது பார்க்க வேண்டும் என்றேன். உள்ளே விட மாட்டோம் என்றார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்தேன். பழைய ஹோஸைக் கழற்றியதும் மெக்கானிக் தம்பி தானாகவே வெளியே எடுத்து வந்து காட்டினான். தேய்ந்த இடத்தை மடக்கினால் ரப்பர் வாய் பிளந்து உள்ளே இழை தெரிகிறது. இணைப்பில் இரண்டு பக்கமும் வருகிற செம்பு வாஷர் புதுசா என்று கேட்டேன். புதுசுதான். ஒரு முறை இறுக்கியதும் நசுங்கிப் பொருந்திவிடுகிற வாஷர் அது, பழையதைத் திரும்பப் போட்டால் கசியும்.

பில் வந்தது. ஹோஸ் சுழி, கூலி சுழி, பிரேக் ஆயில் 180 ரூபாய். ரீகால் வேலைக்காக ஊற்றின ஆயிலுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்? 180 ரூபாய் பெரிசில்லை. ஆனால் கொடுத்துவிட்டால் அடுத்து வருகிறவரிடமும் வாங்குவார்கள். கடிதத்தில் கட்டணமில்லை என்ற வரியைக் காட்டினேன். எடுத்துவிட்டார்கள்.

8 ஜூலை, செவ்வாய்

லிவர் மெத்தென்று இருக்கிறது. முதல் இரண்டு நாள் இப்படி இல்லை. இன்று விளாங்குடி சிக்னலில் பிடித்தபோது பாதி தூரம் வெறுமனே போய், அதற்கப்புறம்தான் பிடித்தது. பின் பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். ஹோஸின் இணைப்பு இரண்டிலும் காகிதத்தைச் சுற்றிப் பார்த்தேன், காய்ந்திருக்கின்றன. கசிவு இல்லை, காற்று இருக்கிறது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் ஒரு குமிழி நின்றாலும் நம் கைப்பலம் அதை அமுக்குவதிலேயே போய்விடும்.

மெக்கானிக் அண்ணன், "ராத்திரி லிவரை ரப்பரால இழுத்துக் கட்டி வச்சா ஏர் மேல ஏறிடும்" என்றார். தெரிந்த வைத்தியம்தான். ஆனாலும் அவர்களே செய்து அவர்களே எழுதிக் கொடுக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

10 ஜூலை, வியாழன்

இந்த முறை வேறொரு பெரியவர் செய்தார். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார், யாரும் தடுக்கவில்லை. சக்கரத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரில், ஆயிலை வெளியே விடுகிற நிப்பிளில் கண்ணாடி மாதிரியான டியூபை மாட்டி, அதன் முனையை ஆயில் பாட்டிலில் முக்கி வைத்தார். "அமுக்கிப் பிடிங்க. விடாதீங்க." நிப்பிளைக் கால் சுற்று திறந்தார். டியூபில் கடுகு மாதிரி குமிழிகள் ஓடின. மூடினார். "விடுங்க." திரும்ப அமுக்கினேன். நடுநடுவே ஸ்பேனர் பிடியால் ஹோஸை மேலிருந்து கீழே லேசாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஏழெட்டு முறைக்கு அப்புறம் ஒரே ஒரு பெரிய குமிழி வந்தது. அதற்குப் பிறகு டியூபில் வெறும் ஆயில்தான். அடுத்த முறை அமுக்கியபோது லிவர் கல் மாதிரி நின்றது.

"அன்னைக்குக் கூட்டம் சார், பையன் அவசரத்துல விட்டிருப்பான்" என்றார். இதையும் ஜாப் கார்டில் ஏற்றச் சொன்னேன். தலையாட்டிவிட்டு எழுதினார்.

13 ஜூலை, ஞாயிறு

சோழவந்தான் ஸ்டேஷன் ஸ்டாண்டில் என் மாடல் வண்டி மூன்று நிற்கும். காலையில் போய் உட்கார்ந்தேன். ஒன்றின் சொந்தக்காரர் ஏற்கெனவே மாற்றிவிட்டாராம். இன்னொருவர் வரவில்லை. மூன்றாவது, வெற்றிலைக் கட்டை சீட்டில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பி.

"வண்டி புதுசா வாங்குனதா தம்பி?"

"இல்லண்ணே, திருமங்கலத்துல ஒருத்தர்கிட்ட வாங்குனது."

விஷயத்தைச் சொன்னேன். கட்டை இறக்கி வைத்துவிட்டு ஹேண்டிலைத் திருப்பி, கழுத்தில் இருந்த மண்ணைக் கட்டை விரலால் தேய்த்தான். நான் போனை எடுத்துக்கொண்டேன். அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தான்.

"எம்... அடுத்தது ஓவாண்ணே?"

"ஓ வராது தம்பி. நல்லாப் பாரு."