சம்புக்குள் ஒரு பாசிப் பாத்தி

மெரைன் டேங்கில், அதாவது கடல் மீன் தொட்டியில், மீனுக்குப் போடும் தீனி கடைசியில் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரிலேயே தங்கிவிடும். அதைத் தின்று பாசி முளைக்கத்தான் போகிறது. ஹாலில் எல்லோரும் பார்க்கும் கல்லின் மேல் முளைக்காமல், கீழே கேபினெட்டுக்குள் இருக்கும் சம்பில் (டேங்கின் தண்ணீர் இறங்கி, மோட்டாரால் மறுபடி மேலேறும் கீழ்த்தொட்டி) நாம் காட்டிய இடத்தில் முளைக்க வைத்து அறுத்தெடுப்பதற்குத்தான் ரெஃப்யூஜியம். அறுக்காமல் வளர்த்துக்கொண்டே போனால் பிரயோஜனம் இல்லை. பாசி தின்றது பாசிக்குள்தான் இருக்கும், அது அழுகினால் அத்தனையும் தண்ணீருக்கே திரும்பிவிடும்.

கணக்குக்கு 120 × 45 × 45 செ.மீ. டேங்கை எடுத்துக்கொள்வோம். கல், மணல் போகத் தண்ணீர் 190 லிட்டர் தேறும். இதற்கு 90 × 35 × 40 செ.மீ. சம்ப் போதும்; வெளிக் கண்ணாடி 8 மி.மீ., உள்தடுப்பு 6 மி.மீ. இடது கோடியில் ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) அறை 28 செ.மீ., அடுத்து நீர்க்குமிழியைப் பிடிக்க ஒரு அங்குல இடைவெளியில் தடுப்புகள், நடுவில் தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் மோட்டார் அறை 18 செ.மீ., வலது கோடியில் ரெஃப்யூஜியம் 36 செ.மீ. அதன் தடுப்பை 26 செ.மீ. உயரத்தில் வைத்தால் ஏறக்குறைய 32 லிட்டர் பிடிக்கும்.

ரெஃப்யூஜியத்தை நடுவில் வைத்து மொத்தத் தண்ணீரையும் அதன் வழியாக விடுகிற அமைப்பைப் பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேலிருந்து இறங்கும் அழுக்கு முழுவதும் பாசிப் பந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், ஓட்டத்தையும் தனியாகக் கூட்டிக் குறைக்க முடியாது. ரிட்டர்ன் பைப்பில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பால் வால்வு (ball valve) வைத்து, அந்தக் கிளையை ரெஃப்யூஜியத்தில் விடுங்கள். அது நிரம்பி வழிந்து மோட்டார் அறையில் விழட்டும். ஒரு லிட்டர் மக் 12 முதல் 18 விநாடிக்குள் நிரம்பினால் மணிக்கு 200 முதல் 300 லிட்டர். அது சரியான ஓட்டம். வழியும் விளிம்பில் பிளாஸ்டிக் வலை கட்டாயம் வேண்டும். பாசியின் ஓர் இழை போதும், மோட்டாரின் இம்பெல்லரில் (சுழலும் இறக்கையில்) சுற்றிக்கொள்ள.

சிலிகான் வாங்கும்போது கவனம். ஹார்டுவேர் கடையில் பாத்ரூமுக்கென்று கொடுப்பதில் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்திருக்கும், அது டேங்குக்கு விஷம். மருந்து கலக்காத, காடி வாடை அடிக்கும் அசெட்டிக் வகையைக் கேட்டு வாங்குங்கள். நம் கடலூர், புதுச்சேரிக் கடலோர ஈரக் காற்றில் அது சீக்கிரமே இறுகும். ஆனாலும் வாடை முழுக்கப் போகும்வரை, ஒரு வாரமாவது, உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

முதல் முறை ஓடவிட்டதும் மோட்டாரை நிறுத்திப் பாருங்கள். இந்த டேங்கில் ஒரு செ.மீ. இறங்கினால் 5.4 லிட்டர் கீழே வரும். இரண்டரை செ.மீ. இறங்கி, பைப்பில் நின்றதும் சேர்ந்தால் 16 லிட்டர். மேலே சொன்ன சம்ப் இதைத் தாங்கும், தண்ணீர் 28 செ.மீ. உயரத்தில் நிற்கும். அங்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ரிட்டர்ன் நாசிலில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 3 மி.மீ. துளை ஒன்று போட்டால் அதற்கு மேல் சைஃபன் இழுக்காது. அந்தத் துளையில் நத்தை ஏறி உட்காரும், சுண்ணாம்பு படியும். மாதம் ஒருமுறை ஊசியால் குத்திவிட வேண்டும். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வை நம்பி இருந்தால் என்றைக்காவது ஒருநாள் ஹாலைத் துடைக்க வேண்டியிருக்கும்.

கடலோரத்தில் இருந்துகொண்டு உப்புத் தண்ணீருக்குக் காசு கொடுப்பதா என்று தோன்றும். பிப்ரவரி முதல் ஜூன் வரை, கரையலைக்கு அப்பால் படகில் போய் எடுத்த தண்ணீர் பரவாயில்லை. ஐப்பசி மழை தொடங்கியபின் பெண்ணையாறும் கெடிலமும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும், உப்பு சரசரவென்று இறங்கும். உப்பனாற்று முகத்துவாரப் பக்கம், அங்கே உள்ள ரசாயன ஆலைகளை நினைத்து, எந்தப் பருவத்திலும் வேண்டாம். உப்புப் பொடியைக் கலப்பவர்கள் போர் தண்ணீரில் கலக்காதீர்கள். வீட்டு ஆர்.ஓ.வில் சுவைக்காகத் தாது சேர்க்கும் கேட்ரிஜ் இருந்தால் அதற்கு முன்பே குழாயைப் பிரித்து, மிச்ச உப்பையும் பிடிக்கும் ஒரு டி.ஐ. ரெசின் குடுவை வழியாக விட்டு, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 0 வந்தபிறகே அந்தத் தண்ணீரை எடுங்கள். கலந்தபின் உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) இருக்க வேண்டும்.

பாசிக்கு வருவோம். இழை இழையாக வளரும் கீட்டோமார்பா என்ற பச்சைப் பாசி போதும், கடைக்காரர்கள் சீட்டோ என்பார்கள். ஒரு கைப்பிடியில் தொடங்கலாம். நல்ல சீட்டோ பாத்திரம் தேய்க்கும் நார் மாதிரி இருக்கும்; அமுக்கிவிட்டால் மறுபடி எழும்பும், இழை ஒவ்வொன்றும் மெல்லிய நரம்பு போல விரலில் நிற்கும். நொந்த சீட்டோ வெளிறிப் போய், கொழகொழவென்று கையிலேயே அறுந்து வரும். கடற்கரைச் சாலைப் பாறையில் ஒட்டியிருக்கும் பச்சைப் பாசியைப் பிய்த்து வந்து போட்டுப் பார்க்க ஆசை வரலாம். அலை அடித்து அடித்துப் பழகியது சம்பில் நிலைக்காது, கூடவே நண்டுக் குஞ்சும் வந்து சேரும். காலெர்பா என்ற இன்னொரு பாசி அழகுதான், ஆனால் திடீரென்று ஒரு நாள் கண்ணாடி போல் வெளுத்து, விதைத்தூளை மொத்தமாகக் கக்கிவிடும். தண்ணீர் பால் போலாகும், ஆக்சிஜன் இறங்கும். விவரம் தெரிந்து வளர்ப்பவர்களுக்கு மட்டும்.

அடியில் மணல் வேண்டாம் என்பேன், கல் துண்டுகள் போதும். ஆனால் அது பவளக்கல்லாக இருக்கக் கூடாது. கடினப் பவளமும் கடல் விசிறியும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடாவில் பெயர்த்த கல்லை லைவ் ராக் (உயிர்கள் ஒட்டிய கல்) என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சுட்ட செராமிக் கல்லிலும் கோப்பிபாடுகள் (இறால் இனத்துப் பொடி உயிர்கள்) குடியேறும். விளக்கு எரியும் முன், இரவு ஒன்பது மணி வாக்கில், டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடியில் ரவை சிந்தியது போல வெள்ளைப் புள்ளிகள் வெட்டி வெட்டி நகர்ந்தால் குடும்பம் பெருகிவிட்டது. தாமிரம் கலந்த மருந்து இந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட விழக்கூடாது, அத்தனையும் சாகும்.

விளக்குக்கு 20 வாட் எல்.ஈ.டி. ஃப்ளட் லைட், 6500 கெல்வின், தண்ணீருக்கு மேல் 20 செ.மீ. உயரத்தில். மேல் டேங்கில் விளக்கு அணைந்ததும் இது எரிய வேண்டும், இரவு 9 முதல் காலை 7 வரை. இரவில் மீனும் பவளமும் விடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்வதால் பி.எச். விடியற்காலையில் அதிகம் சரியாது. ஏ.சி. போட்டு மூடிய அறையில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். மோட்டார் அறைப் பக்கம் வெளிச்சம் கசியாமல் கருப்பு ஷீட் ஒட்டுங்கள். தண்ணீர் ப்ளக்குக்கு வழியாமல் ஒயரை ஒருமுறை தொங்கவிட்டு ஏற்றி, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகவே இணைப்புக் கொடுங்கள்.

நம் ஊரில் பெரிய தொல்லை சூடு. கத்திரி வெயிலில் டேங்க் 31 டிகிரியைத் தொடும். ஃபேன் வைத்தால் ஒன்றரை, இரண்டு டிகிரி குறையும். காற்றே ஈரமாக இருக்கும்போது அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. பவளம் வைத்திருந்தால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் வழி. ஃபேன் போட்டால் தண்ணீரும் ஆவியாகும். மோட்டார் அறையில் ஒரு லிட்டர் குறைந்தால் 1.6 செ.மீ. இறங்கும், நான்கு லிட்டருக்கு ஆறரை செ.மீ. அதனால் குறைந்த தண்ணீரைத் தானாக நிரப்பும் ஆட்டோ டாப்அப் இல்லாமல் ஒரு நாள்கூட வெளியூர் போகாதீர்கள்.

அடுத்தது கரண்ட். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இருட்டில் பாசியும் ஆக்சிஜனைத் தின்னும் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. இன்வெர்ட்டர் சைன் வேவ் ஆக இருக்கட்டும். அதில் முதல் இடம் மேல் டேங்கின் ஏர் பம்புக்கும் தண்ணீரைக் கலக்கும் வேவ்மேக்கருக்கும், பிறகு பாசி விளக்கு. ஒரு நாளைத் தாண்டும் என்று தெரிந்தால் பாதிச் சீட்டோவை டேங்க் தண்ணீரோடு பக்கெட்டில் போட்டு ஜன்னலோரம் வைத்துவிடுங்கள்.

நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 பிபிஎம் வரை இருந்தால் நிம்மதி. இரண்டும் பூஜ்யத்தை நெருங்கினால் விளக்கை ஆறு மணி நேரமாகக் குறையுங்கள், இல்லையென்றால் சீட்டோ கரைந்து, காலியான இடத்தில் டைனோஃப்ளாஜலேட் என்ற நுண்ணுயிரின் சளி பரவும். நைட்ரேட் மட்டும் தீர்ந்து பாஸ்பேட் 0.2-இல் நின்றால் பாசி வளராமல் நிற்கும். மொத்தம் 250 லிட்டருக்கு 0.7 கிராம் தூய சோடியம் நைட்ரேட் கரைத்து விட்டால் 2 பிபிஎம் ஏறும். மறுநாள் டெஸ்ட் செய்துவிட்டு அடுத்த வேளை.

அறுவடை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பந்தை வெளியே எடுத்து, டேங்க் தண்ணீரிலேயே அலசி அழுக்கை உதறி, மூன்றில் ஒரு பங்கைப் பிய்த்து எடை போட்டுக் குறித்து வையுங்கள். மிச்சத்தை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள், நடுவில் இருட்டில் கிடந்த இழைகளுக்கும் வெளிச்சம் வேண்டும். தீனி மாறாமல் எடை மட்டும் இரண்டு முறை தொடர்ந்து குறைந்தால் முதலில் விளக்கின் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள், உப்புப் படிந்திருக்கும். பிய்த்த பாசியைக் கடலிலோ வாய்க்காலிலோ வீச வேண்டாம். நான்கைந்து முறை நல்ல தண்ணீரில் அலசி மொட்டை மாடியில் காயவைத்தால் இரண்டு நாளில் சருகாகும், நொறுக்கிச் செடிக்குப் போடலாம்.