பட்டமளிப்பு விழாவுக்காகக் காத்திருக்க வேண்டாம்

கனடாவில் படித்து முடிக்கும் நம் மாணவர்களில் பலர், பட்டமளிப்பு விழா முடிந்த பிறகுதான், படிப்புக்குப் பின் அங்கேயே வேலை பார்ப்பதற்கான பணி அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று எண்ணுகிறார்கள். குடிவரவுத் துறையின் கணக்கில் அந்த விழாவுக்கு இடமே இல்லை. இறுதி மதிப்பெண்கள் வெளியாகும் நாள், படிப்பு முடிந்ததென்று கல்லூரி எழுத்துமூலம் தெரிவிக்கும் நாள் ஆகிய இரண்டில் எது முந்துகிறதோ அன்றிலிருந்து 180 நாட்களுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும்.

180 நாட்கள் என்றால் ஏராளமான அவகாசம்போலத் தோன்றும். சிக்கலே அதில்தான் இருக்கிறது. ஸ்டடி பெர்மிட், அதாவது கனடாவில் படிப்பதற்கான அனுமதி, அதில் அச்சிடப்பட்டுள்ள தேதியிலோ படிப்பு முடிந்த 90 நாட்களிலோ, எது முன்னதோ அப்போதே செல்லாததாகிவிடும். அது செல்லுபடியாகும்போதே விண்ணப்பித்தவர், படிக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யும் தகுதி பெற்றிருந்தால், முடிவு வரும்வரை முழுநேர வேலை பார்க்கலாம். விண்ணப்பிக்காமலேயே ஸ்டடி பெர்மிட்டைக் காலாவதியாகவிட்டு இங்கேயே தங்கியிருப்பவரோ, தம் நிலையை மீட்டுத் தருமாறு தனிக் கட்டணம் செலுத்திக் கேட்க வேண்டும். அதுவரை வேலை செய்யவும் கூடாது.

நான் முதுநிலைப் படிப்பின் கடைசிப் பருவத்திலேயே மொழித் தேர்வை எழுதிவிட்டேன். 2024 நவம்பர் 1 முதல் அதன் முடிவையும் விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும். பல்கலைக்கழகப் பட்டதாரிகள் கனடிய மொழி அளவுகோலில் 7ஆம் நிலையை எட்ட வேண்டும். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுவோருக்கு நான்கு பிரிவுகளிலும் தலா 6.0 தேவை, அதுவும் அதன் ‘ஜெனரல் டிரெய்னிங்’ எனும் பொது வகைத் தேர்வில். கல்லூரியில் சேர எழுதிய அகாடெமிக் தேர்வு இங்கே செல்லாது. இதே நாட்டில் ஆங்கிலத்திலேயே ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றவரையும் மீண்டும் தேர்வு எழுதச் சொல்வது எனக்கு இன்றும் வேடிக்கையாகவே படுகிறது.

கட்டணம் 255 டாலர்: விண்ணப்பத்துக்கு 155, எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்கும் உரிமைக்கு 100. டிரான்ஸ்கிரிப்ட் எனும் மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. படிப்பை நிறைவுசெய்ததை உறுதிப்படுத்தும் கடிதமும் வேண்டும். பருவ இறுதியில் பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம் அலைமோதும் என்பதால், முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

பாஸ்போர்ட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள். 2024 பிப்ரவரி 15 முதல், குறைந்தது 8 மாத கால முதுநிலைப் படிப்புக்கும் 3 ஆண்டு அனுமதி கிடைக்கிறது. ஆனால் பாஸ்போர்ட் ஓர் ஆண்டில் காலாவதியாகும் என்றால் அனுமதியும் அன்றோடு நின்றுவிடும். எனவே பாஸ்போர்ட்டை முதலில் புதுப்பித்துக்கொண்டு பிறகு விண்ணப்பிப்பதே என் பரிந்துரை. அதற்கும் சில வாரங்கள் ஆகலாம் என்பதை நினைவில் வைத்து, கடைசிப் பருவம் தொடங்கும்போதே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.