புயல் கிழித்த கூரையும் இழப்பீட்டுக் கோரிக்கையும்

புயலில் எங்கள் வீட்டுக் கூரை சேதமடைந்தபோது, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொன்ன கையோடு, கூரை வேலையில் நீண்ட அனுபவம் உள்ள ஓர் ஒப்பந்ததாரரையும் வரவழைத்தேன். சேதத்தைக் கணக்கிட நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து பார்த்த பிறகு ஒப்பந்ததாரரை அழைத்தால் போதும் என்று பலரும் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரும் புயலுக்குப் பின் மதிப்பீட்டாளருக்குப் பார்க்க வேண்டிய வீடுகள் குவிந்துகிடக்கும். அவர் வந்து சேர்வதற்குள் மழை மீண்டும் பெய்யலாம், உடைந்த ஓடுகள் குப்பையோடு போய்விடலாம், சுவரின் ஈரம் காய்ந்து தடயமே மங்கிவிடலாம். சேதம் புதிதாக இருக்கும்போதே, அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஏறிப் பார்த்து எழுதிவைக்கும் குறிப்பு, பின்னால் எழும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடையாகிவிடுகிறது.

ஒப்பந்ததாரர் ஏணியில் ஏறியதும் பழுதுபார்க்கத் தொடங்கவில்லை, படமெடுக்கத் தொடங்கினார். முதலில் வீட்டின் நான்கு புறமும் தூரத்திலிருந்து, பிறகு கூரையின் ஒவ்வொரு சரிவும் முழுமையாக, அதன் பின்னரே ஒவ்வொரு சேதமும் அருகிலிருந்து. நெருங்கி எடுத்த படம் மட்டும் இருந்தால், அந்த உடைந்த ஓடு எந்தச் சரிவில், எந்த மூலையில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சேதத்தின் அருகே அளவு நாடாவை வைத்து எடுத்தார். கழன்று விழுந்த துண்டுகளையும் வளைந்த ஆணிகளையும் ஒரு சாக்கில் கட்டி, மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை எறிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் தார்ப்பாய் விரிக்கப்பட்டது. பாயின் மேல் விளிம்பை முகட்டுக்கு அப்பால் கொண்டுபோய் மறுசரிவில் மடித்து, மரச்சட்டங்களால் இறுக்கினார். முகட்டுக்குக் கீழேயே பாயை முடித்துவிட்டால், மேலிருந்து வழியும் நீர் அதன் அடியில் புகுந்துவிடும்.

இந்தத் தற்காலிக மூடலைத் தள்ளிப்போடவே கூடாது. மேலும் சேதம் ஏற்படாமல் தடுக்க நியாயமான முயற்சி எடுப்பது வீட்டுக்காரரின் கடமை என்று காப்பீட்டுப் பாலிசிகள் பொதுவாகவே சொல்கின்றன. திறந்து கிடந்த கூரை வழியே பிந்தைய மழையில் நனைந்த பொருள்களுக்கு இழப்பீடு மறுக்கப்பட இடமுண்டு. அவசர மூடலுக்கான செலவையோ பல பாலிசிகள் ஏற்கின்றன. ரசீதைப் பத்திரப்படுத்தினால் போதும்.

புயல் கூரையை எப்படிச் சிதைக்கிறது என்று அவரிடம் கற்றுக்கொண்டதுதான் இந்த அனுபவத்தில் எனக்கு மிகுந்த மதிப்புடையது. காற்று கூரையை மேலிருந்து அழுத்திச் சேதப்படுத்துவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், விளிம்பைத் தாண்டி வேகமாகப் பாயும் காற்று கூரையின் மேற்பரப்பிலிருந்து பிரிந்து செல்லும்போது அங்கே உறிஞ்சும் விசை உண்டாகிறது. ஓடுகளும் தகடுகளும் மேல்நோக்கிப் பிடுங்கப்படுகின்றன. இந்த விசை மூலைகளிலும் இறவார விளிம்புகளிலும் முகட்டிலும் மிக அதிகம், நடுப்பரப்பில் குறைவு. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. 1992இல் ஆண்ட்ரூ புயல் அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடாவைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான வீடுகள் கூரையை இழந்தன. கூரைப் பலகைகளைச் சட்டத்தோடு பிணைத்த ஆணிகள் முறையாக அடிக்கப்படாததும் அதற்கு ஒரு காரணம் என்று பின்னர் தெரியவந்தது. அந்த மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதித்தொகுப்பு 2002இல் நடைமுறைக்கு வந்ததற்கு அந்தப் புயல் தந்த பாடமே தூண்டுதல்.

இதை அறிந்தவர் கண்ணுக்குச் சேதத்தின் இடமே சாட்சி சொல்லிவிடுகிறது. காற்று வந்த பக்கத்து மூலையில் தொடங்கி விளிம்போரமாக ஓடுகள் வரிசையாகப் பெயர்ந்திருந்தால் அது காற்றின் வேலை. நடுச்சரிவில் ஆங்காங்கே ஒற்றை ஓடு வெடித்திருந்து, அந்த வெடிப்பின் உள்முகத்திலும் பாசி படிந்திருந்தால் அது புயலுக்கு முந்தையது. புதிதாக உடைந்த விளிம்பு கூர்மையாகவும் நிறம் மங்காமலும் இருக்கும். தகட்டுக் கூரையில் திருகாணித் துளை ஒரு பக்கமாக நீண்டிருந்தால், தகடு காற்றில் மேலும் கீழும் அடித்துக்கொண்டது என்று பொருள். துளை வட்டமாகவே இருந்து வாஷர் மட்டும் வெடித்திருந்தால் அது வெயிலும் வயதும் செய்தது. கூரைக்குள் நுழைந்த நீர் கைமரத்தின் வழியே வழிந்து நெடுந்தூரம் போய்ச் சொட்டக்கூடும் என்பதால், கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடுவது வீண். அவர் பரணுக்குள் விளக்கோடு நுழைந்து, ஈரத்தின் தடத்தைக் கீழிருந்து மேலாகத் தொடர்ந்துபோய், புகைபோக்கியும் கூரையும் சேரும் இடத்தில் மடங்கிக் கிடந்த தகட்டைக் கண்டுபிடித்தார்.

அவர் தந்த அறிக்கையில் புயல் செய்த சேதம் ஒரு பகுதியாகவும், புயலுக்கு முன்பே இருந்த தேய்வு இன்னொரு பகுதியாகவும் இருந்தன. அந்த இரண்டாம் பகுதியைக் கண்டு வீட்டில் சற்றுக் கலக்கம் ஏற்பட்டது. நமக்கு எதிரானதை நாமே ஏன் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். என் எண்ணம் வேறு. காலத்தால் வரும் தேய்வும் பராமரிப்புக் குறையும் ஏறக்குறைய எல்லாப் பாலிசிகளிலும் விலக்கப்பட்டவை. மதிப்பீட்டாளர் அவற்றை எப்படியும் பார்த்துவிடுவார். எல்லாவற்றையும் புயலின் கணக்கில் எழுதிய அறிக்கையில் ஒரே ஒரு பழைய வெடிப்பு அகப்பட்டாலும், உண்மையான சேதங்களின் மீதும் ஐயம் படர்ந்துவிடும். பழையதைப் பழையது என்று ஒப்புக்கொண்ட அறிக்கையோ தன் மற்ற வரிகளையும் நம்ப வைக்கிறது. மதிப்பீட்டாளர் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு, மற்றவற்றைப் பற்றிக் கேட்ட கேள்விகளின் தொனியே மாறியதை நான் கண்டேன்.

அறைக்குள் ஏற்பட்ட நீர்ச் சேதத்துக்கும் இது பொருந்தும். புயல் முதலில் கூரையில் திறப்பை உண்டாக்கி, அதன் வழியே மழைநீர் நுழைந்திருந்தால் மட்டுமே உட்புறச் சேதத்துக்கு இழப்பீடு என்று பல பாலிசிகள் வரையறுக்கின்றன. மடங்கிய தகட்டின் படமும், அதற்குக் கீழே தொடர்ந்த ஈரத்தடத்தின் படங்களும் இல்லாதிருந்தால், எங்கள் உட்கூரைச் சேதம் பழைய கசிவாகக் கருதப்பட்டிருக்கலாம்.

மதிப்பீட்டாளர் வந்த அன்று ஒப்பந்ததாரரும் இருக்க வேண்டும் என்று நான் நேரம் ஒதுக்கிக் கேட்டிருந்தேன். அவர் சேதத்தைச் சுட்டிக்காட்டினார், அளவுகளைச் சொன்னார், பழுதுபார்க்கும் முறையை விளக்கினார். பாலிசி எதை ஏற்கும், எதை ஏற்காது என்ற பேச்சு எழுந்தபோது ஒதுங்கி நின்றார். அந்த எல்லை மிக முக்கியமானது. வேலையைச் செய்து பணம் பெறப்போகிறவரே இழப்பீட்டுத் தொகைக்காகவும் பேரம் பேசினால் இரண்டு நலன்கள் மோதுகின்றன. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலச் சட்டம் இதை வெளிப்படையாகவே தடுக்கிறது. ஒரு கட்டடத்தைப் பழுதுபார்க்கும் ஒப்பந்ததாரர் அதே கட்டடத்துக்கான கோரிக்கையில் உரிமையாளரின் பிரதிநிதியாகச் செயல்படக் கூடாது என்ற அந்தச் சட்டத்தை எதிர்த்து ஒரு கூரை நிறுவனம் தொடுத்த வழக்கு, 2024இல் அம்மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. இழப்பீட்டு உரிமையையே ஒப்பந்ததாரர் பெயருக்கு எழுதிக் கொடுக்கும் வழக்கம் ஃபுளோரிடாவில் வழக்குகளைப் பெருக்கியதால், 2023 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் சொத்துப் பாலிசிகளில் அது செல்லாது என்று சட்டமாக்கப்பட்டது. எந்த நாட்டில் இருந்தாலும், புயல் ஓய்ந்ததும் வாசலுக்கு வந்து ஒரு தாளை நீட்டி, கையெழுத்திட்டால் மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்பவரிடம், அந்தத் தாளை முழுவதும் படிக்கும்வரை பேனாவைத் தொட வேண்டாம்.

ஒவ்வோர் இழப்பிலும் வீட்டுக்காரர் தாமே ஏற்க வேண்டிய ஒரு பங்கு பாலிசியில் குறிக்கப்பட்டிருக்கும். மொத்தத் தொகையைச் சற்று உயர்த்தி எழுதி அந்தப் பங்கை மறைத்துவிடலாம் என்று சொல்லும் ஒப்பந்ததாரர்கள் உண்டு. அது பொய்க் கோரிக்கை. அதன் சுமை பாலிசியில் கையெழுத்திட்டவர் தலையில்தான் விழும்.

தொகை வந்தபோது அது மதிப்பீட்டைவிடக் குறைவாக இருந்தது. தேய்மானம் கழிக்கப்பட்டிருந்தது. 20 ஆண்டு உழைக்கும் என்று கணக்கிடப்பட்ட கூரைக்கு 10 வயது ஆகியிருந்தால், புதிய கூரையின் செலவில் ஏறத்தாழப் பாதியே அதன் அன்றைய மதிப்பு. அன்றைய மதிப்பை மட்டும் தரும் பாலிசியில் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். மாற்றுச் செலவை ஏற்கும் பாலிசியில், பெரும்பாலும், பிடித்துவைத்த மீதித் தொகை வேலை முடிந்து ரசீது காட்டிய பிறகு, குறிப்பிட்ட கெடுவுக்குள் கேட்டால் கிடைக்கும். ஆகையால் முதல் தொகையைக் கண்டு மனம் சோர்ந்து, கிடைத்ததற்கு ஏற்ற மலிவான வேலையைச் செய்துகொள்வதற்கு முன், பாலிசி எந்த வகை என்று பார்த்துவிடுவது நல்லது.

ஓடுகளைக் கழற்றிய பின்னர் ரீப்பர் சட்டங்கள் சில நனைந்து பிளந்திருந்தது தெரிந்தது. அவர் வேலையை நிறுத்திப் படமெடுத்து, கூடுதல் செலவைத் தனியே எழுதிக் கொடுத்தார். நான் அதை நிறுவனத்துக்கு அனுப்பி, மறுபடி வந்து பார்க்க விரும்புகிறீர்களா என்று எழுத்தில் கேட்டேன். அவர்கள் படங்களைக் கொண்டே முடிவுசெய்து, அந்த ரீப்பர் சட்டங்களுக்கான செலவை ஏற்றார்கள். பழைய தேய்வு என்று எங்கள் அறிக்கையே சொல்லியிருந்த முகட்டுப் பூச்சுக்கான செலவு எங்களுடையது. அந்தப் பூச்சையும் அதே வேலையோடு சேர்த்துச் செய்து முடித்து, புதிய கூரையைச் சரிவு சரிவாகப் படமெடுத்து, பாலிசியோடும் ரசீதுகளோடும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறோம்.