காசு கொடுத்துப் பார்த்த சனி

டெலஸ்கோப் பெட்டியில் 525 மடங்கு பெருசாகக் காட்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. விலை 28,000 ரூபாய். அப்படியென்றால் ஒரு மடங்குக்கு 53 ரூபாய், ஒரு பிளேன்ரீக் காசு, என்று கடையில் நின்றபடியே மனக்கணக்குப் போட்டு டெலஸ்கோப்பை வாங்கிக்கொண்டு திருகோணமலைக்கு பஸ் ஏறியவன் நான். ஏறி உட்கார்ந்த பிறகுதான் டொரொண்டோவில் இருக்கும் மச்சானுக்குப் படம் அனுப்பினேன், அவன் கொஞ்சக் காலமாக வானம் பார்க்கிறவன்.

“மடங்கை விடு, முன்கண்ணாடி வாய் எத்தனை மில்லிமீற்றர்?”

70.

“அப்ப 140தான் உனக்கு எல்லை. அதுக்கு மேல போனா மங்கலைத்தான் பெருசாக்கிப் பார்ப்பாய்.”

வாய் அகலத்தை இரண்டால் பெருக்கினால் வருவதுதான் உருப்படியான உச்சமாம். 525 எப்படி வந்தது என்றால், குழாயின் குவியத்தூரம் 700 மிமீ, அதைக் கண் வைத்துப் பார்க்கும் வில்லையான 4 மிமீ ஐபீஸால் வகுத்தால் 175, நடுவில் இன்னும் மூன்று மடங்கு பெருக்கும் பார்லோ வில்லையைச் சொருகினால் 525. கணக்கில் ஒரு பிழையும் இல்லை, படம்தான் வராது. இன்னும் கொஞ்சக் காலம் காசு சேர்த்துவிட்டு 150 மிமீ டொப்சோனியன் ஒன்றை எடுத்திருக்கலாம், அதற்கு ஆடம்பர ஸ்டாண்ட் கிடையாது, மரப்பெட்டிமேல் உட்காரும் குழாய், காசெல்லாம் கண்ணாடிக்கே போகும் என்றான். இதைப் போன கிழமை சொல்லியிருக்கலாம். கேட்டால்தானே சொல்வான்.

2025 செப்டம்பர் 20, புரட்டாதி முதல் சனிக்கிழமை. காலையில் அம்மா கோயிலுக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு, வந்து காகத்துக்குச் சோறும் வைத்தா. பின்னேரம் நான் குழாயைத் தூக்கிக்கொண்டு டச்பே கடற்கரைக்கு வெளிக்கிட்டேன். அடுத்த நாள் அமாவாசை, அதனால் நிலா வெளிச்சம் இல்லை. அதே அடுத்த நாள்தான் சனி சூரியனுக்கு நேர் எதிரே வருகிற நாளும், அதாவது இங்கே பொழுது படும்போது அங்கே கடலுக்குள்ளிருந்து சனி எழும்பும்.

“பார்வை படக்கூடாதெண்டு நான் எண்ணெய் எரிச்சுப்போட்டு வாறன், நீ காசு குடுத்துப் பார்க்கப் போறியா?”

“பார்க்கிறது நானம்மா, அவர் இல்லை.”

இதற்குப் பதில் வரவில்லை, ஆனால் அம்மாவும் கூட வந்தா. நவக்கிரகத்தில் சனிக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று கும்பிடுகிறவ, குழாய்க்கு நேரே மட்டும் எப்படி நிற்பா? நல்ல காலம், என் குழாயின் பின்பக்கத்தில் முழங்கை மாதிரி மடிந்த கண்ணாடித் துண்டு ஒன்று உண்டு. ஆகாயத்தைப் பார்த்து நிற்கத் தேவையில்லை, பக்கத்தில் நின்று கீழே குனிந்தால் போதும். “நேரே பார்க்கிறேல்லைத்தானே?” என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு குனிந்தா.

“வளையம் எங்க?”

அந்த வருடம்தான் சனியின் வளையம் எங்களுக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு நின்றது. சுமார் 15 வருடத்துக்கு ஒரு தடவை அப்படி நடக்கும், திரும்ப நன்றாக விரிய 2032 ஆகிவிடும். மெல்லிய கோடு ஒன்று இருந்தது, உற்றுப் பார்த்தால். “ஈர்க்கில குத்தின இலந்தைப்பழம் மாதிரி இருக்கு” என்றா அம்மா. அதைவிடச் சரியாக நானும் சொல்லமாட்டேன். இத்தனைக்கும் நான் டெலஸ்கோப் வாங்கியதே அந்த வளையத்துக்காகத்தான்.

படம் எடுப்பது அடுத்த கூத்து. 175 மடங்கில் வைத்தால் பூமி சுற்றுகிற வேகத்துக்கு ஒரு நிமிடத்துக்குள் சனி காட்சியை விட்டு ஓடிவிடும், அதற்குள் போனை ஐபீஸில் பிடித்து, கை நடுங்கி, தட்டி, குழாயே ஆடி... கிடைத்தது ஒரு வெள்ளைப் புள்ளி. குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன், “தெருலைட்டா?” என்று பெரியப்பா கேட்டார். மச்சான் உடனே மோட்டர் வைத்த ஈக்குவடோரியல் ஸ்டாண்ட் வாங்கு, துருவ நட்சத்திரத்துக்கு நேராகப் பிடித்தால் தானாகப் பின்தொடரும் என்றான். அவனுக்கு அந்த நட்சத்திரம் சுமார் 44 பாகை உயரத்தில் நிற்கும். எங்களுக்கு எட்டரைப் பாகை! தென்னை வட்டுக்குள் தேட வேண்டும், கண்டுபிடித்தாலும் பல ஸ்டாண்டுகள் அவ்வளவு தாழக் குனியாது. நான் கடைசியில் போனைப் பிடித்துவைக்கும் கவ்வி ஒன்று வாங்கினேன். பத்து நாள் கழித்து அரைநிலாவை 35 மடங்கில் எடுத்தேன், பள்ளங்களின் நிழல்கூடத் தெரிந்தது. பெரியப்பா தம்ஸ்அப் போட்டார்.

இந்த ஊரில் மான்கள் தெருவில் மாடு மாதிரித் திரியும் என்பது தெரிந்ததுதான், கடுதாசி, சொப்பிங் பை எதையும் விடாது. அந்தச் சனியிரவு நானும் அம்மாவும் குழாயோடு மாரடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒன்று வந்து பெட்டியை மென்றுகொண்டிருந்திருக்கிறது. டோர்ச் அடித்தபோது நகர்ந்து போனது. 525 இல் முன்னாலிருந்த 5 ஐக் காணவில்லை, மிச்சம் 25 மடங்கு என்று நின்றது.