பலோனிக்குப் புகை போட்டுப் பார்த்ததில் தெரிந்துகொண்டது

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் எந்த பார்பிக்யூ கடைக்குப் போனாலும் பிரிஸ்கெட் (மாட்டு மார்புக்கறி), ரிப்ஸ் (விலாக்கறி) வரிசையில் பலோனியும் எழுதியிருக்கும். பலோனி என்பது இறைச்சியை அரைத்து உறையில் அடைத்து வேகவைத்த தடித்த சாசேஜ். ஓரமெல்லாம் கறுத்த தடித்த வில்லை ஒன்று. அதை பன்னுக்குள் வைத்து சாஸ் ஊற்றி, ஊறுகாய் வெள்ளரியும் பச்சை வெங்காயமும் சேர்த்துக் கொடுப்பார்கள். இதற்கு 'ஓக்லஹோமா டெண்டர்லாயின்' என்று ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் முழுக்கக் கிண்டல். டெண்டர்லாயின் மாட்டிறைச்சியிலேயே விலை கூடிய பாகம், பலோனியோ கடையில் இருப்பதிலேயே மலிவான சமாச்சாரம். 1988-ல் இந்த மாநிலம் தனக்கென்று ஓர் அதிகாரபூர்வச் சாப்பாட்டையே அறிவித்தது. வறுத்த வெண்டைக்காய், சோள ரொட்டி, தட்டைப்பயறு, பெக்கான் கொட்டை வைத்துச் சுடும் 'பை' என்ற இனிப்புப் பண்டம் என்று நீளும் அந்தப் பட்டியலில் புகை போட்ட பலோனிக்கு மட்டும் இடமில்லை. அநியாயம் என்பது என் கட்சி.

ஓக்லஹோமாவின் துல்சா பக்கம் குடிவந்ததில் இருந்து கொல்லைப்புறத்தில் ஒரு கெட்டில் கிரில்லை (மூடி போட்ட உருண்டைக் கரியடுப்பு) வைத்துக்கொண்டு பிரிஸ்கெட்டோடு மல்லுக்கட்டி வருகிறேன். பலோனியைக் கையில் எடுத்தது சமீபத்தில்தான். எடுத்த பிறகுதான் புரிந்தது, பிரிஸ்கெட்டில் படித்த பாடம் எதுவும் இதற்கு உதவாது என்று.

பலோனி ஏற்கெனவே வெந்தது. இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இதன் தாய்வழி இத்தாலியின் பொலோன்யா நகரத்து மொர்ட்டடெல்லா. அது முழுக்கப் பன்றி இறைச்சி. வெட்டினால் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்புத் துண்டுகள் தெரியும். அமெரிக்கப் பலோனியில் அப்படி எதுவும் கண்ணில் படாது. இறைச்சி, கொழுப்பு, ஐஸ் எல்லாவற்றையும் மாவாக அரைத்து, உறையில் அடைத்து வேகவைத்துவிடுகிறார்கள். கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கொழுப்பும் சேர்த்த தண்ணீரும் கூட்டினால் 40-ஐத் தாண்டக் கூடாது என்பது இங்கே அரசாங்க விதி. பிரிஸ்கெட்டை மணிக்கணக்கில் அடுப்பில் வைப்பதற்குக் காரணம், அதிலுள்ள கெட்டியான இணைப்புத் திசு உருகிக் குழைய வேண்டும் என்பது. பலோனியில் உருக அப்படி ஒன்றும் கிடையாது. அரைத்த புரதம் கொழுப்பை இறுக்கிப் பிடித்திருக்கிறது. கூடுதலாக இரண்டு மணி நேரம் வைத்தால் மிருதுவாகாது, சுருங்கி வறண்டுதான் போகும்.

ஆகவே இங்கே நடப்பது சமையல் இல்லை, மேற்பரப்பு வேலை. எவ்வளவு மேற்பரப்பைப் புகைக்குக் காட்டுகிறோம், அதை எவ்வளவு உலர விடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

கடையில் சாசேஜ், சீஸ் வெட்டித் தரும் டெலி கவுண்டரில் வெட்டாமல் முழு உருளையாகவே கேட்டால் கொடுப்பார்கள். நான் இரண்டு பவுண்டு அளவுக்கு ஒரே துண்டாக வாங்குகிறேன். பன்றி, கோழி, மாடு மூன்றும் கலந்ததுதான் சாதாரணமாகக் கிடைப்பது. தனி மாட்டிறைச்சியிலும் உண்டு, வான்கோழியிலும் உண்டு. என் ஓட்டு மாட்டிறைச்சிக்கு. கலப்புப் பலோனி சூட்டில் ஸ்பாஞ்சு மாதிரி உப்பி, ஆறினதும் தொய்ந்துவிடுகிறது. வான்கோழி பரவாயில்லை, ஆனால் கொழுப்பு குறைவு என்பதால் மேலே எண்ணெய் தடவ வேண்டியிருக்கிறது.

"ஏங்க, இந்தச் சிவப்புத் தாளோடயேவா அடுப்புல வைக்கப் போறீங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். இல்லை, அதை உரித்துவிட வேண்டும். அது சாப்பிடுகிற உறை இல்லை, புகையும் அதைத் தாண்டி உள்ளே போகாது.

உரித்ததும் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீற வேண்டும், வைரக் கட்டம் விழுகிற மாதிரி. ஆழம் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் போதும். மேலோட்டமாகக் கீறினால் சூட்டில் வாய் திறக்காது. ரொம்ப ஆழமாகப் போனால் வில்லை போடும்போது ஓரம் கட்டம் கட்டமாக உதிர்கிறது. பிறகு மஞ்சள் நிறக் கடுகு சாஸை மெலிதாகத் தடவுகிறேன். அது ருசிக்காக இல்லை, மசாலா ஒட்டிக்கொள்வதற்காக. மசாலாவில் மிளகு, பாப்ரிகா, பூண்டுத் தூள், கொஞ்சம் பழுப்புச் சர்க்கரை. உப்பு ஒரு சிட்டிகைகூடச் சேர்ப்பதில்லை, பலோனியிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது. கடையில் விற்கிற பார்பிக்யூ ரப் (தடவும் மசாலாத் தூள்) பெரும்பாலும் உப்பில்தான் தொடங்கும், டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, பலோனியை மறுபக்கம் வைத்து, 225-லிருந்து 250 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் ஓட்டுகிறேன். விறகுக்கு ஹிக்கரி போட்டும் பார்த்தேன், பெக்கான் போட்டும் பார்த்தேன். ஹிக்கரி கொஞ்சம் ஆளை அடிக்கிறது. பலோனியில் ஏற்கெனவே பூண்டும் மசாலாவும் இருப்பதால் அதன் மேல் இன்னொரு காரசாரமான வாடை தேவைப்படவில்லை. பெக்கான் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு நிற்கிற மரம், புகையும் சாது. இப்போது அதுதான்.

முதல் ஒரு மணி நேரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதற்கப்புறம் கீறல்கள் மெல்ல வாய் திறக்கும். கட்டங்களின் முனை நாலு பக்கமும் மேலே தூக்கிக்கொள்ளும். இடுக்கில் கொழுப்பு முத்து முத்தாகத் துளிர்த்து, மசாலாவோடு சேர்ந்து பளபளவென்று ஒரு பூச்சாகும். மூன்றாவது மணி நேரம் தாண்டும்போது முனைகள் கருஞ்சிவப்பாகி, விரலால் தட்டினால் காய்ந்த சத்தம் கேட்கும். எனக்கு அதுதான் அடையாளம், வெப்பமானி குத்திப் பார்ப்பதைவிட இதைத்தான் நம்புகிறேன். இனிப்பு சாஸ் பூசுவதாக இருந்தால் கடைசி அரை மணியில் மட்டும்.

பிரிஸ்கெட்காரர்கள் பெருமையாகக் காட்டும் இளஞ்சிவப்பு வளையத்தை இதில் தேட வேண்டாம். புகையிலிருக்கும் வாயு இறைச்சியின் நிறமியோடு சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. பலோனி தயாரிக்கும்போதே சேர்க்கிற நைட்ரைட் உப்பு உருளை முழுவதும் அதே வேலையைச் செய்துவிடுகிறது. சுற்றிலும் சிவப்பாக இருக்கும்போது வளையம் எங்கே தெரியும்?

முழு உருளை, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தது, முன்கூட்டியே வெட்டிய தடித்த வில்லை என்று மூன்று விதமாகவும் வைத்துப் பார்த்தேன். வில்லையாக வைத்தால் புகை நன்றாக ஏறுகிறது, ஆனால் உள்ளே சாறே மிஞ்சுவதில்லை. முழு உருளை பார்க்க அழகு, நடுப்பகுதி மட்டும் வெறும் பலோனியாகவே நின்றுவிடுகிறது. பிளந்த பாதிதான் என் கணக்குக்கு ஒத்துவந்தது. எதுவானாலும் ஆறவிட்டு, முக்கால் அங்குலத்துக்கு வெட்டி, பரிமாறும் முன் வார்ப்பிரும்புச் சட்டியில் இரண்டு பக்கமும் ஒரு வாட்டு வாட்டுங்கள். வாட்டாத வில்லைக்கும் வாட்டியதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பரிமாறுவதில் ஊருக்கு ஊர் ஒரு நியாயம். மெம்பிஸில் இதே புகைப் பலோனிக்கு மேலே முட்டைக்கோஸ் ஸ்லா (பச்சையாக நறுக்கிய சாலட்) வைக்கிறார்கள். ஓக்லஹோமாவில் இருந்துகொண்டு சொல்லக் கூடாது, ஆனால் அதுதான் சரி. அந்தப் புளிப்பும் நறுநறுப்பும் கொழுப்பை வெட்டுகிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் புகையெல்லாம் கிடையாது, தடியாக வெட்டி ஸ்டேக் மாதிரி வறுத்து முட்டையோடு சாப்பிடுகிறார்கள். மான்ட்ரியலில் 1932-லிருந்து நடக்கும் விலென்ஸ்கிஸ் கடையில் சலாமி என்ற சாசேஜையும் பலோனியையும் பன்னில் வைத்து அழுத்திச் சுட்டுத் தருவார்கள். கடுகு சாஸ் கட்டாயம், இரண்டாக வெட்டித் தரமாட்டார்கள். வீட்டில் மெல்லிய வில்லையை வறுப்பவர்கள் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஓரம் சுருங்கி, வில்லை கிண்ணமாகக் குவிந்துவிடும்.

லெபனான் பலோனி தனிச் சாதி. பென்சில்வேனியாவின் லெபனான் மாவட்டத்து ஜெர்மானிய வழிக் குடும்பங்களின் பண்டம் அது. அங்கே வீவர்ஸ் நிறுவனம் 1885-லிருந்தும், பக்கத்துப் பால்மைராவில் செல்ட்ஸர்ஸ் நிறுவனம் 1902-லிருந்தும் செய்கிறார்கள். முழுக்க மாட்டிறைச்சி, உப்பிட்டு ஊறவைத்து, புளிக்கவைத்து, பிறகு பல நாட்கள் குளிர்ந்த புகையில் தொங்கவிடுகிறார்கள். நிறம் கரும்பழுப்பு, ருசி சலாமிக்குப் பங்காளி, அதைவிடப் புளிப்பு. புத்தாண்டு இரவில் லெபனான் நகரத்தில் ஒரு பிரம்மாண்ட பலோனியை மேலிருந்து இறக்கிக் கொண்டாடுவார்கள் என்றால் பாருங்கள். இதை மறுபடி ஸ்மோக்கரில் ஏற்றுவது வீண் வேலை. புகையை ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்தது அது. சூடேற்றினால் புளிப்பு தூக்கலாகி, ஓரம் தோலாகிறது. அந்த ஊர் வழக்கப்படி வில்லைகளுக்கு நடுவே கிரீம் சீஸ் தடவி ஐந்தாறு அடுக்கி, ஃபிரிட்ஜில் இறுகவிட்டு, கேக் மாதிரி முக்கோணமாக வெட்டினால் அருமை. வந்த விருந்தாளிகள் முதலில் காலி செய்த தட்டு அதுதான், நான் பகலெல்லாம் புகையில் நின்று செய்தது இரண்டாவதுதான்.

அடுத்து வளையப் பலோனி. ஒஹையோவின் ஹோம்ஸ் மாவட்டத்தில், ஆமிஷ் மக்கள் வாழும் பகுதியில், டிரெயில் என்ற சிற்றூரின் பேரில் ஒன்று கிடைக்கிறது. சீஸும் கிராக்கர் பிஸ்கெட்டும் சேர்த்து அப்படியே சாப்பிடுவது. மிச்சிகன் மதுக்கடைகளில் வளையத்தைத் துண்டு போட்டு வினிகரில் ஊறவைத்துக் கண்ணாடி ஜாடியில் வைத்திருப்பார்கள். ஒரு வளையத்துக்கு இயற்கை உறையோடேயே லேசாகப் புகை காட்டி, வட்டம் வட்டமாக வெட்டி, வினிகர், வெங்காயம், காய்ந்த மிளகாய், மிளகோடு ஜாடியில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். ஒரு வாரமாவது ஊற வேண்டும் என்கிறார்கள். நேற்று ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். உறை இறுகி, கடித்தால் படக்கென்று உடைகிறது, வினிகர் இன்னும் நடுவுக்குப் போய்ச் சேரவில்லை.