குன்மாவில் ஓர் உதவி ஆங்கில ஆசிரியர்

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துவிட்டுத் திரும்பியவன் என்று தெரிந்ததும் சென்னையில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "உன்னிடமா அவர்கள் ஆங்கிலம் படித்தார்கள்?" என்பதுதான். மேற்கு மாம்பலத்துச் சித்தப்பா இதைச் சிரித்துக்கொண்டே கேட்டார். சூளைமேட்டில் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போகும் பொறியியல் பட்டதாரிகள், தாங்களும் போக முடியுமா என்ற எண்ணத்தை உள்ளே வைத்துக்கொண்டு, சற்றுப் பதவிசாகக் கேட்கிறார்கள். போக முடியும். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாட்டவரிடம் பொதுவாக எதிர்பார்க்கப்படுவது ஒரு பட்டமும், 12 ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்ததற்கான சான்றும். மெட்ரிகுலேஷன் பள்ளியில் எல்.கே.ஜி. தொடங்கிப் பிளஸ் டூ வரை படித்த எனக்கு அந்தச் சான்று எளிதாகக் கிடைத்தது. வகுப்பில் தமிழில் பேசினால் அபராதம் வசூலித்த அதே பள்ளி, இந்தக் கடிதத்தை மட்டும் காசு வாங்காமல் முத்திரையிட்டுத் தந்தது.

அங்கே ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. 1987-இல் தொடங்கிய ஜெட் என்னும் அரசுத் திட்டம் முதலாவது. மரியாதையும் சம்பளமும் அதில்தான் அதிகம். நெடுங்காலம் முதலாண்டுச் சம்பளம் 33 லட்சத்து 60 ஆயிரம் யென்னாக இருந்து, அண்மையில் உயர்த்தப்பட்டிருக்கிறது. மாலையிலும் வார இறுதியிலும் அலுவலகம் போவோருக்கும் இல்லத்தரசிகளுக்கும் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தரும் தனியார் நிலையங்கள் இரண்டாவது. அவற்றுள் மிகப் பெரியதாக விளங்கிய நோவா 2007-இல் திவாலானபோது, ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளமின்றித் தெருவில் நின்ற கதையை இன்றும் பழைய ஆட்கள் சொல்வார்கள். நான் போனது மூன்றாவது வழியில். நகராட்சியின் கல்விக் குழுவுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனம் ஒன்று என்னை வேலைக்கு எடுத்து, தோக்கியோவுக்கு வடமேற்கே உள்ள குன்மா மாகாணத்துச் சிறு நகரம் ஒன்றின் பள்ளிகளுக்கு அனுப்பியது.

பதவியின் பெயர் உதவி மொழி ஆசிரியர். ஊரார் வாயில் அதன் ஆங்கிலச் சுருக்கமான ஏ.எல்.டி.தான். பாடம் நடக்கும் வகுப்பு என்னுடையதன்று, அந்த வகுப்பாசிரியருடையது. நான் பக்கத்தில் நிற்பவன். இந்தப் பக்கத்தில் நிற்கும் விஷயத்தில் ஒரு வேடிக்கையான சட்டச் சிக்கலும் உண்டு. ஆள் அனுப்பும் நிறுவனம் நகராட்சியோடு செய்துகொண்டது பணி ஒப்படைப்பு வகை ஒப்பந்தமாக இருந்தால், பள்ளி ஆசிரியர் எனக்கு நேரடியாக உத்தரவிடக் கூடாது. உத்தரவிட்டால் அது போலி ஒப்பந்தமாகக் கருதப்படும். இருவரும் ஒரே அறையில், ஒரே 45 நிமிடத்தில், ஒரே பாடத்தை நடத்த வேண்டும். ஆனால் ஒருவர் மற்றவரிடம், "இந்த வரியை இன்னொரு முறை வாசியுங்கள்" என்று சொல்வதற்குச் சட்டம் குறுக்கே நிற்கும். நடைமுறையில் எல்லோரும் சொல்லத்தான் செய்தார்கள். நானும் வாசிக்கத்தான் செய்தேன். ஆனால் இப்படிப்பட்ட ஏற்பாட்டில் வேலை செய்கிறவனுக்கு, பள்ளிக்கு உள்ளே இருந்தாலும் தான் பள்ளியைச் சேர்ந்தவன் அல்லன் என்பது தினமும் ஏதாவது ஒரு வகையில் நினைவூட்டப்பட்டுக்கொண்டே இருக்கும்.

காலையில் வாசலில் காலணியைக் கழற்றி உட்காலணி மாட்டிக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனால், மேசைகள் வகுப்பு வாரியாகத் தீவுகளாகப் போடப்பட்டிருக்கும். முன்னால் துணைத் தலைமையாசிரியர், எல்லோரையும் பார்க்கும்படி. என் மேசை எந்தத் தீவிலும் சேராமல் நகலெடுக்கும் இயந்திரத்துக்கு அருகே இருந்தது. காலைக் கூட்டத்தின் அறிவிப்புகளில் எனக்குச் சம்பந்தமானது பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனாலும் எல்லோரோடும் எழுந்து வணங்கி உட்கார வேண்டும். வகுப்பில்லாத நேரங்களில் படங்களை வெட்டி லாமினேட் செய்துகொண்டிருப்பேன். கத்தரிக்கோலும் லாமினேட் உறையும்தான் இந்த வேலையின் உண்மையான ஆயுதங்கள் என்று பழைய ஏ.எல்.டி. ஒருவர் சொன்னதை அப்போது நகைச்சுவை என்று நினைத்திருந்தேன்.

2020 ஏப்ரல் முதல் ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் மதிப்பெண் தரப்படும் முறையான பாடமாகிவிட்டது. ஆண்டுக்கு 70 பாடவேளைகள். மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு அதில் பாதி, அதுவும் விளையாட்டும் பாட்டுமாக. நான்காம் வகுப்பில் கூரை அதிரக் கத்தும் அதே பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும் பக்கத்து இருக்கைக்காரனின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்கள். இதற்கு வயதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஆசிரியர் கையில் மதிப்பீட்டுத் தாளோடு வரிசைகளுக்கு நடுவே நடப்பதைப் பார்த்தவர்கள் வயதை மட்டும் குறை சொல்ல மாட்டார்கள். நடுநிலைப் பள்ளிக்குப் போய்விட்டால் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வின் நிழல் விழுந்துவிடும்; அங்கே என் வேலை பாடப் பத்தியை உரக்க வாசிப்பது, அவர்கள் திரும்பச் சொல்வது, அவ்வளவே.

ஒரு விஷயத்தில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சக ஊழியர்களைவிட எனக்கு வசதி இருந்தது. ஜப்பானியப் பிள்ளைகள் 'மில்க்' என்பதை 'மிருகு' என்றும் 'பஸ்' என்பதை 'பசு' என்றும் சொல்லும்போது அந்தச் சக ஊழியர்கள் அதைச் சோம்பல் என்று நினைத்துத் திருத்தித் திருத்திச் சலித்துப்போவார்கள். 'பஸ்ஸு', 'மில்க்கு' என்று சொல்லி வளர்ந்த ஊரிலிருந்து போன எனக்கு, மெய்யெழுத்தில் முடிக்கப் பழகாத நாக்கு ஓர் உகரத்தைத் தேடும் என்பது புரிந்தது. ஆகவே அதை உடனே திருத்தாமல், முதலில் வாக்கியம் முழுவதையும் சொல்லி முடிக்க விட்டேன். இதை ஒரு கற்பித்தல் முறை என்று சொல்லிப் பெருமைப்படமாட்டேன். ஆனால் பேசத் தொடங்கிய பிள்ளை பாதியில் நிற்காமல் இருந்தது.

மதிய உணவைப் பற்றிச் சொல்லாமல் ஜப்பானியப் பள்ளியைச் சொல்ல முடியாது. முறை வைத்துப் பிள்ளைகளே வெள்ளை மேலங்கியும் தொப்பியும் முகக்கவசமும் அணிந்து, வண்டியில் பாத்திரங்களைத் தள்ளிக்கொண்டு வந்து, வரிசையில் நிற்கும் வகுப்புத் தோழர்களுக்குப் பரிமாறுகிறார்கள். ஆசிரியரும் அங்கேயே அதையே சாப்பிடுகிறார். பிள்ளைகளுக்குப் போகும் முன் தலைமையாசிரியர் ஒரு தட்டு சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் முறை. மாதத் தொடக்கத்தில் உணவுப் பட்டியல் வந்துவிடும். சைவக்காரனான நான் அதை அகராதி வைத்துக்கொண்டு படித்ததில் தெரிந்தது, கீரைக் கூட்டு போல் தோன்றுவதில்கூட கட்சுவோ மீனின் வடிநீர் இருக்கிறது என்பது. ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் சிலர் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருவார்கள் என்பதால் எனக்கும் அனுமதி கிடைத்தது. தோக்கியோவின் நிஷிகசாயில் இந்தியக் கடைகளில் வாங்கிவந்த பருப்பும் புளியும் வைத்து, தயிர்சாதமோ புளிசாதமோ கொண்டுபோவேன். சோற்றின் மேல் மசாலாக் குழம்பு ஊற்றித் தரும் கறி ரைஸ் போடும் நாளில்தான் தர்மசங்கடம். 1982 ஜனவரி 22 அன்று நாடெங்கும் பள்ளிகளில் ஒரே நேரத்தில் கறி பரிமாறப்பட்டு, அந்தத் தேதி கறி தினமாகவே ஆகிவிட்ட நாட்டில், கறியின் தாயகத்திலிருந்து வந்தவன் பன்றி இறைச்சி போட்ட கறியைத் தொடாமல் வெள்ளையாக எதையோ தின்றுகொண்டிருந்தால் பிள்ளைகள் எதைத்தான் நம்புவார்கள்?

உணவுக்குப் பின் துப்புரவு நேரம். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும். பிள்ளைகள் துணியை நனைத்துப் பிழிந்து, முட்டியை மடக்கி, தரையோடு தரையாக ஓடித் தாழ்வாரத்தைத் துடைப்பார்கள். நம் ஊரில் இதைச் செய்யச் சொன்னால் மறுநாள் காலை பள்ளி வாசலில் பெற்றோர் நிற்பார்கள். அந்தக் கோபத்துக்கு இங்கே வேறு வரலாற்றுக் காரணங்களும் இருப்பதால் அதை எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. எனக்கு அந்த நேரம் பிடித்திருந்தது. மதிப்பெண் கிடையாது, மதிப்பீட்டுத் தாள் கிடையாது, நானும் கையில் துணி வைத்திருப்பேன்.

வகுப்பில் வாயே திறக்காத ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு நாள் மாடிப்படியில் என் பக்கத்தில் துடைத்துக்கொண்டே, "செவன்டீன், எய்ட்டீன்?" என்று கேட்டான். இந்தியர் அனைவரும் 19 பெருக்கல் 19 வரை வாய்ப்பாடு சொல்வார்கள் என்று ஜப்பானில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதைச் சோதிக்கிறான். நம் வாய்ப்பாட்டுப் புத்தகம் பதினாறோடு முடிந்துவிடும் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? மனத்துக்குள் பெருக்கி, 306 என்றேன். நடுவில் 'டைம்ஸ்' போட வேண்டும் என்று அவனுக்குச் சொன்னேன். மறுநாள் 'டைம்ஸ்' வந்தது. அடுத்த வாரம், நான் பதில் சொன்னதும், "நோ, ராங்" என்று வேண்டுமென்றே பொய் சொல்லி, நான் திணறுவதைப் பார்த்துத் தோழர்களோடு சிரித்தான். நூறைத் தாண்டிய எண்களை ஆங்கிலத்தில் சொல்வது அவனுடைய பாடப்புத்தகம் வழியாக நுழைந்ததைவிட அந்த மாடிப்படி வழியாகவே அதிகம் நுழைந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவனது மதிப்பீட்டுத் தாளில் இது எதுவும் ஏறவில்லை. ஏற்றச் சொல்லும் இடத்திலும் நான் இல்லை.

பணம் பற்றி, கேட்பவர்களுக்காக. ஒப்பந்த நிறுவனங்களில் மாதம் 2 லட்சம் யென்னுக்குச் சற்று மேலே கீழே. பள்ளி விடுமுறையான ஆகஸ்டில் பல இடங்களில் அதிலும் வெட்டு. ஒப்பந்தம் ஆண்டுதோறும் மார்ச்சில் முடிகிறது. எத்தனை ஆண்டு இருந்தாலும் பதவி உயர்வு என்று ஒன்று கிடையாது. குன்மாவின் குளிர்கால வறண்ட காற்றில் எதிர்த்திசையில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போகும்போது இது நினைவுக்கு வந்தால் பாரம் இரட்டிப்பாகும். ஆகவே சூளைமேட்டுத் தம்பிகளிடம் நான் சொல்வது, ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையிலேயே நடக்கும் ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வில் நல்ல நிலையை எட்டிவிட்டு, ஒன்றிரண்டு ஆண்டுக்கு மட்டும் இந்த வேலைக்குப் போங்கள் என்பதே.

அங்கே ஊழியர் ஓய்வூதியத்துக்குச் சம்பளத்தில் பிடித்த தொகையை மறந்துவிடக் கூடாது. 6 மாதமாவது கட்டியிருந்தால், நாட்டை விட்டு வந்த 2 ஆண்டுக்குள் விண்ணப்பித்து ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பப் பெறலாம், அதில் 20.42 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள், அதையும் அங்கே ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமித்திருந்தால் கேட்டு வாங்கலாம். 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இந்திய-ஜப்பானிய சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி, அந்த ஆண்டுகளை இங்குள்ள கணக்கோடு சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. ஆனால் பணத்தை மொத்தமாக வாங்கிவிட்டால் அந்தக் காலம் கணக்கிலிருந்து அழிந்துவிடும். நான் வாங்கிக்கொண்டேன். நங்கநல்லூர் வீட்டின் முன்பணத்துக்கு அது பயன்பட்டது.