இரண்டு ஓம்

"ஹோன் அடிக்குதில்லைத் தம்பி. பேந்து அந்தச் சிவப்பு லைட்டும் நூரமாட்டன் எண்டு நிக்குது. அந்த லைட்டை மட்டும் எண்டாலும் நிப்பாட்டி விடும், மனிசி பாத்துப் பாத்துப் பயப்பிடுறா."

மாஸ்ரர் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். அவர் காட்டிய லைட்டில், வயிற்றுக்கு முன்னால் பலூனைக் கட்டிப்பிடித்தபடி ஓர் ஆள் இருப்பான். எயார்பாக் லைட்.

யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் உயரமாக நிற்கிற எந்த வாகனமும் ஜீப்தான். மாஸ்ரருடையதும் ஜப்பானில் ஓடிக் கழித்து, கப்பலில் வந்து, இங்கே இரண்டு கை மாறிய குடும்ப ஜீப். கிழமையில் ஆறு நாள் கொக்குவிலில் படலைக்குள்ளே நிற்கும், வெள்ளிக்கிழமை நல்லூருக்குப் போகும். கனடாவிலிருந்து யாராவது வந்தால் மட்டும் இரவோடிரவாக ஏ9 வீதி வழியாகக் கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும் ஓடும்.

ஹோனும் அந்த லைட்டும் சேர்ந்து பிரச்சினை கொடுத்தால் பெரிதாக யோசிக்கத் தேவையில்லை. ஸ்ரியரிங்குக்குள் சுருட்டி வைத்த நாடா போல ஒரு வயர் இருக்கிறது. கிளொக் ஸ்பிரிங் என்போம். ஸ்ரியரிங் திரும்பத் திரும்ப அது சுருண்டு விரிந்து, வருடக்கணக்கில் வேலை செய்து, ஒருநாள் அறும். ஹோனுக்கும் றைவர் பக்கத்து எயார்பாக்குக்கும் அதன் வழியாகத்தான் கரண்ட் போகிறது.

பற்றரியின் நெகற்றிவ்வைக் கழற்றிவிட்டுப் பிளேன்ரீ குடிக்கப் போனேன். அது சோம்பலில்லை. மோதலில் பற்றரி நொறுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக எயார்பாக் கொம்பியூற்றருக்குள் கொஞ்சக் கரண்டைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். அது வடிவதற்குக் கொம்பனியைப் பொறுத்து 90 செக்கனிலிருந்து 3 நிமிடம் வரை பொறுக்கச் சொல்வார்கள். எங்கள் சந்திக்கடையில் பிளேன்ரீ வர அதைவிடக் கூட நேரம் எடுக்கும். வந்து பையைக் கழற்றி, முகப்பை உடம்புக்கு மறுபக்கமாகப் பிடித்துக் கொண்டுபோய் மேசையில் வானத்தைப் பார்க்க வைத்தேன்.

"கவிட்டு வைச்சா என்னண்ணை?" என்றான் வேலை பழக வந்த பெடியன்.

"கவிட்டு வைச்சு வெடிச்சா ரொக்கெற். கூரையிலைதான் தேட வேணும்."

கிளொக் ஸ்பிரிங் மாற்றியாயிற்று. ஹோன் அடித்தது. ஸ்கானரைப் போட்டுப் பழைய பிழையை அழித்தேன், லைட்டும் நூர்ந்தது. அத்தோடு கணக்கு முடிந்திருக்க வேண்டும். வாகனத்தை எடுக்கப்போகும் நேரத்தில் மாஸ்ரர், "ஏசியிலை ஒரு மணம்" என்றார். ஏசி பில்ரர் கிளவ் பொக்ஸுக்குப் பின்னால் இருப்பது. கிளவ் பொக்ஸை இறக்கி, குனிந்து ரோச் அடித்தேன்.

முன் சீற்றில் இருப்பவருக்கான பை டாஷ்போட்டுக்குக் கீழே ஓர் இரும்புச் சட்டத்தில் பூட்டியிருக்கும். சட்டம் இருந்தது, பை இல்லை. அந்த இடத்தில் மெத்தைப் பஞ்சுத் துண்டொன்றை அமத்தி வைத்திருந்தார்கள். எயார்பாக் வயரை யாரும் தவறுதலாகத் தொடக்கூடாதென்று மஞ்சள் நிறத்தில்தான் விடுவார்கள். அந்த மஞ்சள் சொக்கற் கறுப்பு ரேப் சுற்றியபடி தொங்கியது. வெக்கைக்கு ரேப்பின் பசை இளகி விரலில் ஒட்டியது. உரித்துப் பார்த்தால், சொக்கற்றின் இரண்டு ஓட்டைக்குள்ளும் கால் நீட்டியபடி நெல்லுமணியளவில் ஒரு ரெசிஸ்ரர், கரண்டுக்குத் தடை போடுகிற சாமான். 2 ஓம்.

வாகனத்தின் கொம்பியூற்றர் ஒவ்வொருமுறை திறப்புப் போடும்போதும் ஒவ்வொரு பையையும் கூப்பிட்டுப் பார்க்கும். எப்படியென்றால், அந்த வயரின் தடையை அளந்து. நல்ல பை ஏறக்குறைய 2 ஓம் காட்டும். சரியென்றால் லைட் ஆறு செக்கன் அளவில் எரிந்து நூரும். இங்கே பை இருந்த இடத்தில் ரெசிஸ்ரர் உட்கார்ந்துகொண்டு, "இருக்கிறியோ?" என்று கேட்கும்போதெல்லாம் "ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எங்கள் ஊரில் எதற்கும் ஓம் சொல்கிற ஆட்கள் நிறையப் பேர். இவ்வளவு சின்ன ஆளை நான் கண்டதில்லை.

டாஷ்போட்டில் விரித்திருந்த மயிர்க் கம்பளத்தைத் தூக்கினேன். பை வெடித்துப் பிளந்த இடத்தைப் பைபர் வைத்து அடைத்து, தேய்த்து, அழகாகப் பெயின்ற் அடித்திருந்தார்கள். சீற் பெல்ற்றின் அடியில் செய்த திகதி போட்ட சின்னத் துணி லேபல் இருக்கும். பின் சீற் பெல்ற்றுகள் எல்லாம் ஒரே மாதம், முன்னுக்கு இருந்த இரண்டும் வேறு வருடம், பிறகு மாற்றிப் பூட்டியவை. எங்கேயோ பலமாக அடிபட்ட வாகனம். றைவர் பக்கத்துக்குப் பை வாங்கிப் பூட்டியவர்கள், இடது பக்கத்துக்குச் செலவைச் சுருக்கியிருக்கிறார்கள். அது எந்த நாட்டில், யார் கையால் நடந்ததென்று அறிய வழியில்லை. பிளந்த இடத்துக்கு நேர் மேலே, கம்பளத்தில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரேப்பால் ஒட்டி, ஒரு பித்தளைப் பிள்ளையார்.

ஆத்திரம் வந்தது உண்மை. ஆனால் ஆத்திரப்படுகிற தகுதி எனக்கு முழுதாக இல்லை.

நான் வேலை பழகியது 1992 இல், பொருளாதாரத் தடைக் காலத்தில். ஒஸ்ரின், மொறிஸ் கார்களைப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவோம். பாதுகாப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, ஓடினால் போதும். 2002 இல் ஏ9 திறந்தபிறகு கொழும்பிலிருந்து புதுப்புது வான்கள் வந்தன. அப்படி வந்த ஒன்றில் இதே லைட் எரிந்தது. சொந்தக்காரர் "அது சும்மா எரியுது" என்றார். எனக்கும் அது சும்மா என்றே பட்டது. மீற்றர் போட்டைக் கழற்றி, அந்தச் சின்ன பல்ப்பைப் பிடுங்கிவிட்டேன். நான் கேட்டதைவிடக் கூடக் காசு தந்தார். நானும் வாங்கினேன். அந்த வான் இன்னும் ஓடுகிறதோ, யாரிடம் இருக்கிறதோ தெரியாது. பல்ப் மட்டும் கொஞ்சக் காலம் என் ஸ்குறூப் பெட்டிக்குள் கிடந்தது.

மாஸ்ரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் ரோச் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு கதிரையில் வந்து இருந்து கேட்ட முதல் கேள்வி வேறு.

"போன வருசம் மாங்குளத்துக்கு இஞ்சாலை மாடு ஒண்டு குறுக்காலை வந்து அடிபட்டது. அப்ப வெடிச்சிருக்க வேணுமோ?"

எல்லாரும் கேட்கிற கேள்விதான். பை வாகனத்தின் சேதத்தைப் பார்த்து வெடிப்பதில்லை, வாகனம் எவ்வளவு சடாரென்று வேகத்தை இழக்கிறது என்பதைத்தான் கணக்கிடும். அசையாத சுவரொன்றில் மணிக்கு 20 முதல் 30 கிலோமீற்றர் வேகத்தில் நேருக்கு நேர் மோதும் அளவுக்கு அதிர்வு இருக்க வேண்டும் என்று வாகனப் புத்தகங்கள் சொல்லும். மாடு விலகும், நசியும். பொனெற் மடிந்தும் பை சும்மா இருக்கலாம். ஒற்றைப் பனையிலோ லைட் போஸ்ரிலோ இடித்தாலும் அப்படி நடக்கலாம். அறுவடைக் காலத்தில் பின் லைட் இல்லாமல் போகிற ரக்ரர் பெட்டிக்குக் கீழே மூக்கை நுழைத்தாலும் அப்படித்தான். இந்த இடங்களிலெல்லாம் காப்பாற்றுவது பெல்ற். ஸ்ரியரிங்கில் எஸ்.ஆர்.எஸ். என்று எழுதியிருப்பதில் முதல் எழுத்தின் பொருளே 'துணை' என்பது. பெல்ற்றுக்குத் துணை.

"அப்ப பையைப் பூட்டுவம்" என்றார் மாஸ்ரர். இங்கேதான் எனக்கு நாக்கு தடுமாறியது.

அவருடைய பேத்திக்கு நாலு வயது. ஜீப் எப்போது வந்தாலும் பிள்ளை முன் சீற்றில், அம்மம்மாவின் மடியில்தான். பை என்றதும் எல்லாரும் தலையணையை நினைக்கிறார்கள். அதற்குள் இருப்பது வெடிமருந்து. ஒரு செக்கனை ஆயிரம் துண்டாக்கினால் அதில் 30, 40 துண்டுக்குள், கண்வெட்டி மூடுமுன், மருந்து எரிந்து வாயு நிரம்பி, பை மூடியைப் பிளந்துகொண்டு மணிக்கு 300 கிலோமீற்றர் வரையான வேகத்தில் வெளியே வரும். வந்த கையோடு பின்னாலிருக்கும் ஓட்டைகளால் காற்றை விட்டுத் தளரும். தளர்கிற அந்தப் பையில்தான் பெல்ற் கட்டிய பெரிய ஆளின் முகம் போய்ப் பதிய வேண்டும். அதனால்தான் நெஞ்சுக்கும் ஸ்ரியரிங்குக்கும் இடையில் 25 சென்ரிமீற்றராவது விடச் சொல்வது. மடியில் இருக்கும் பிள்ளையின் தலை, பை வெளியே வரும் பாதையிலேயே நிற்கிறது.

இவ்வளவு காலமும் அந்தப் பை இல்லை. பிள்ளைக்கு டாஷ்போட்டில் அடிபடுகிற ஆபத்து இருந்தது, பையால் இல்லை. நான் பையைப் பூட்டிவிட்டால் அதுவும் வரும். என் வேலையைச் சரியாகச் செய்தால் அந்தப் பிள்ளையின் இடம் இன்னும் மோசமாகும். முப்பது வருடத்துக்கு மேல் ஸ்பனர் பிடித்திருக்கிறேன், திருத்தப் பயந்த சாமான் அது ஒன்றுதான்.

சொன்னேன். "பிள்ளை பின் சீற்றுக்குப் போறதெண்டால் பூட்டுறன் சேர். பிள்ளைச் சீற்றும் வேணும்."

"மடியிலை இறுக்கித்தானே பிடிச்சிருக்கிறா?"

கணித ஆசிரியருக்குக் கணக்காகவே சொல்லலாம் என்று, 15 கிலோப் பிள்ளை 50 கிலோமீற்றர் வேகத்தில் சடாரென்று நின்றால் அந்தக் கணத்தில் எத்தனை நூறு கிலோவாக இழுக்கும் என்று கேட்டேன். அவர் வாய்க்குள் ஏதோ பெருக்கிப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

பழைய பையொன்று தேடலாமா என்று விசாரித்தார். கழற்றிய சாமான் கடைகளில் கிடைக்கும்தான். நான் மாட்டேன் என்றுவிட்டேன். டகாட்டா என்ற ஜப்பான் கொம்பனி செய்த பைகளில், அமோனியம் நைத்திரேற்று மருந்து வெக்கையிலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கிடந்து கெட்டு, வெடிக்கும்போது இரும்புக் கூட்டையே சிதறடித்துத் துண்டுகளை ஆட்களின் மேல் எறிந்தது. உலகம் முழுக்கச் சுமார் 10 கோடி சாமானைத் திருப்பியெடுக்க வேண்டி வந்து, 2017 இல் அந்தக் கொம்பனி வங்குரோத்தானது. வெக்கையும் ஈரமும் கூடிய இடங்களில்தான் அது சீக்கிரம் கெட்டது என்றால், யாழ்ப்பாணத்துக்கு வேறு விளக்கம் வேண்டுமா? எந்த வாகனத்திலிருந்து கழற்றியது, எத்தனை வருடம் எந்த வெயிலில் நின்றது என்று தெரியாத மருந்தை ஒரு குடும்பத்தின் முகத்துக்கு முன்னால் வைக்க என்னால் முடியாது. ரீகண்டிசன் ஜீப் வாங்குகிறவர்கள் செசி நம்பரைக் கொண்டு அந்தத் திருப்பியெடுத்தல் செய்யப்பட்டதா என்று பார்ப்பது நல்லது. பெயின்ற்றைத் தடவிப் பார்க்கிற நேரத்தில் பாதி போதும்.

புதுப் பை, புது டாஷ்போட், கொம்பியூற்றர் எல்லாம் வந்துசேரக் கிழமைகள் எடுத்தன. விலையை நான் சொன்ன அன்று மாஸ்ரர் தண்ணீர் கேட்டார். இரண்டு நாள் கழித்து மகளோடு கதைத்துவிட்டு "செய்யும்" என்றார்.

பூட்டி முடித்த அன்று குடும்பமாக வந்திருந்தார்கள். திறப்பைப் போட்டேன். பலூன்காரன் எரிந்தான், நூர்ந்தான்.

மாஸ்ரர் லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "முந்தியும் இப்பிடித்தானே தம்பி நூந்தது. இப்ப உள்ளுக்கை இருக்கெண்டு நான் எப்பிடி நம்புறது?"

நல்ல கேள்வி. மறுபடி கிளவ் பொக்ஸை இறக்கினேன். அவர் கண்ணாடியைப் போட்டு, சீற்றில் முழங்கால் ஊன்றி, தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். இரும்புச் சட்டத்தில் பை, அதில் செருகிய மஞ்சள் சொக்கற், பக்கத்தில் லேபல். லேபலை எழுத்தெழுத்தாக வாசித்தார். போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். பிள்ளையாரை நான் கிளவ் பொக்ஸுக்குள் இருத்தியிருந்தேன். புது மூடியின் மேலே ஒட்ட விட்டால் மோதலில் முதலில் பறப்பது அவர்தான். அம்மம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் ஒன்றும் சொல்லாமல், பிள்ளையைப் பிள்ளைச் சீற்றில் இருத்திவிட்டு, பின் கதவால் ஏறிப் பக்கத்தில் இருந்தார்.

ஏறியவர் கொஞ்ச நேரமாகச் சீற்றைத் தடவிக்கொண்டிருந்தார். பெல்ற்றின் நாக்கு கையில் இருந்தது, அதைக் கொழுவுகிற பூட்டைக் காணவில்லை. தடித்த றெக்சின் சீற் கவர், தையல்காரர் அளந்து இறுக்கித் தைத்தது. பின் சீற்றின் மூன்று பூட்டுகளும் அதற்குக் கீழே எங்கேயோ. முன் சீற்றின் ஓரத்தில் பக்கப் பை விரிகிற தையலையும் அதே கவர்தான் மூடிக்கொண்டிருந்தது. அதை நான் இத்தனை கிழமையும் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

"தம்பி, பிளேட்டை எடுத்துக்கொண்டு வா" என்றேன் பெடியனிடம்.

"ஐயோ, போன தைப்பொங்கலுக்குத்தான் தைச்சது" என்றார் அம்மம்மா.